மீண்டும் கேட்பவரும் கேட்பதை நிறுத்தியவரும்

(வண்டியூரில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தமிழில் 'கேள்' என்னும் வினையடி செவியால் ஒலியைப் பெறுவதையும் அறியாததை வினவுவதையும் ஒருசேரக் குறிக்கிறது. திருக்குறளின் 42ஆம் அதிகாரத்திற்குக் 'கேள்வி' என்று பெயர் அமைந்தது கற்றறிந்தோர் சொல்லைச் செவிமடுப்பதைக் கருதியே ஆனாலும், இன்றைய வழக்கில் அச்சொல் வினாவையே முதலில் நினைவூட்டுகிறது. பழந்தமிழிலோ பெயர்ச்சொல்லாக வரும் 'கேள்' உறவினரைச் சுட்டுவதும் உண்டு. செவித்திறன் இழப்பைப் பற்றிய இவ்வுரைக்கு இம்மூன்று பொருளும் தேவைப்படுகின்றன. ஒருவருக்குச் செவித்திறன் குறையத் தொடங்கும்போது அதைப் பிறர் அறிந்துகொள்வது அவர் "என்ன, என்ன சொன்னே?" என்று மீண்டும் மீண்டும் வினவுவதைக் கொண்டுதான். சில ஆண்டுகளில் அந்த வினவலும் நின்றுவிடுகிறது. மறுபடி மறுபடி கேட்டுப் பிறரின் சலிப்பைக் கண்டவர், கேட்டது போலத் தலையசைக்கவும், மற்றவர் சிரிக்கும்போது சேர்ந்து சிரிக்கவும் பழகிக்கொள்கிறார்; உறவினர் கூடும் இடத்திலிருந்து மெல்ல விலகி முற்றத்துக் கயிற்றுக்கட்டிலுக்குச் சென்றுவிடுகிறார். வீட்டார் கவலைகொள்ள வேண்டியது அவர் திரும்பத் திரும்பக் கேட்கும் காலத்தில் அல்ல, அவர் கேட்பதை நிறுத்திவிட்ட நாளில்தான் என்பதே இவ்வுரையின் மையக் கருத்து.

மதுரை மண்ணில் இதைச் சொல்வதற்குத் தனிக் காரணம் உண்டு. 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரையை வயதானோரின் தலைவிதி என்று எண்ணிய ஊர்களுக்கெல்லாம் முகாம்களைக் கொண்டுசென்றது. 1992இல் தொடங்கப்பெற்று இன்று வீரபாஞ்சானில் இயங்கும் ஆரோலேப் நிறுவனம், வெளிநாட்டிலிருந்து பெருவிலைக்கு வந்துகொண்டிருந்த கண்ணுள் வில்லையை இங்கேயே செய்து அதன் விலையை எளியோர்க்கு எட்டும்படி குறைத்தது. அதன் பயனாக இச்சுற்றுவட்டாரத்தில் மூக்குக்கண்ணாடி அணிவதற்கு நாணுவோர் இன்று இலர்; கண் முகாம் என்றால் பேருந்து எப்போது வரும் என்று கேட்கும் மக்களே உளர். காதுக்கு அத்தகைய வரலாறு இன்னும் எழுதப்படவில்லை. கண் மங்கியவர் சுவரில் முட்டிக்கொள்வதை ஊரார் காண்கிறார்கள். காது மந்தமானவருக்கு வெளித்தோற்றத்தில் எந்த அடையாளமும் இல்லை, அவர் படும் தொல்லையின் பாதி அவருடன் பேசுபவருடையதாக இருக்கிறது. கண்ணில்லாதவர்மேல் இரக்கம் பிறக்கும் இடத்தில் காது கேளாதவர்மேல் எரிச்சல் பிறப்பது இதனால்தான்.

காதின் அமைப்பை ஓரளவு அறிந்தாலன்றி இழப்பின் வகைகள் விளங்கா. காதுமடல் திரட்டும் ஒலியலை செவிக்குழாய் வழியே சென்று செவிப்பறையை அதிரச் செய்கிறது. அந்த அதிர்வைச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் வாங்கி உட்செவிக்குக் கடத்துகின்றன. அங்கவடி மனித உடலின் எலும்புகளிலெல்லாம் சிறியது. உட்செவியிலுள்ள, நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவில் ஏறத்தாழ 15,000 மயிர்ச்செல்கள் வரிசையாக நிற்கின்றன. தலைமயிருக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. உச்சியில் நுண்ணிய இழைகள் கொண்டிருப்பதால் இப்பெயர் பெற்ற இச்செல்கள் அதிர்வை மின்துடிப்பாக மாற்றி நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. மடலிலிருந்து அங்கவடி வரையுள்ள பாதையில் தடை ஏற்பட்டால் அது கடத்தல்வகை இழப்பு. மயிர்ச்செல்லோ நரம்போ பழுதுபட்டால் அது உணர்நரம்புவகை இழப்பு. முன்னதைப் பெரும்பாலும் மருந்தாலோ அறுவையாலோ சரிசெய்ய முடியும். பின்னது மீளாது, ஏனெனில் பாலூட்டிகளின் காக்ளியாவில் அழிந்த மயிர்ச்செல் மறுபடி முளைப்பதில்லை. பறவைகளில் முளைக்கிறது என்பதை 1980களின் இறுதியில் ஆய்வாளர் கண்டறிந்தனர். இறகால் காது குடையும் பழக்கமுள்ள நாட்டில், இறகுக்கு உரிய கோழி தன் செவித்திறனை மீட்டுக்கொள்ளும், குடைந்துகொள்பவர் மீட்டுக்கொள்ள மாட்டார் என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

வயதின் காரணமாகவோ இரைச்சலின் காரணமாகவோ வரும் உணர்நரம்புவகை இழப்பு பெரும்பாலும் உயர்ந்த அதிர்வெண்களில், அதாவது கீச்சென்ற ஒலிகளில், தொடங்குகிறது. இதன் விளைவைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே விளக்கலாம். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகளின் ஆற்றல் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்குகிறது. ங, ஞ, ந, ம ஆகிய மூக்கொலிகளும் தாழ்ந்த அதிர்வெண்ணில் தெளிவாக ஒலிப்பவை. ஆனால் க, ச, ட, த, ப என்னும் எழுத்துகளை ஒன்றிலிருந்து மற்றொன்றாகப் பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பும் உரசலும் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் மிகுதியாக உள்ளன, அவற்றின் ஆற்றலோ உயிரொலியின் ஆற்றலில் மிகச் சிறிய பங்கு. இலக்கணம் ஒலியின் வன்மை கருதி வல்லினம் என்று பெயரிட்ட எழுத்துகளே காதுக்கு வரும்போது எல்லாவற்றிலும் மெலிந்தவையாக இருக்கின்றன. ஆகவே செவித்திறன் குறைந்தவர் பேச்சின் உயிரையும் மெல்லினத்தையும் பிடித்துக்கொண்டு வல்லினத்தை இழக்கிறார். பத்து என்பதும் பட்டு என்பதும், கத்தி என்பதும் கட்டி என்பதும், குட்டி என்பதும் சுட்டி என்பதும் அவருக்கு ஒரே சொல்லாகிவிடுகின்றன. "காது நல்லாக் கேட்குது, நீ பேசுறதுதான் வெளங்கல" என்று முதியோர் கூறுவது பிடிவாதம் அன்று. அவர்களுடைய நோயின் துல்லியமான விவரிப்பு அது.

உரக்கக் கத்துவதால் பயன் விளையாததற்கும் இதுவே விளக்கம். கத்தும்போது உயிரொலி பெருகுகிறது, வல்லினம் அந்த அளவுக்குப் பெருகவில்லை, மேலும் பழுதுபட்ட உட்செவிக்கு மெல்லிய ஒலி கேளாமலும் பெரிய ஒலி தாங்க முடியாமலும் போவதால், "என்ன?" என்றவரே அடுத்த நொடியில் "எதுக்குக் கத்துறே?" என்று சினக்கிறார். எதிரே அமர்ந்து, முகத்தில் வெளிச்சம் படும்படி, சற்று நிறுத்திப் பேசினால் உதட்டசைவு விட்டுப்போன எழுத்துகளை ஈடுசெய்யும். சமையலறையிலிருந்து கூடத்திற்குக் குரல் கொடுப்பதைக் கைவிட்டாலே பல வீடுகளில் பாதிச் சச்சரவு குறையும்.

இழப்பை அறிவதற்கான மற்ற குறிகளும் இந்த அடிப்படையிலிருந்தே புரிகின்றன. ஒருவரோடு தனித்துப் பேசும்போது சமாளிப்பவர் கல்யாண வீட்டிலும் கடைத்தெருவிலும் தடுமாறுவார். ஆண் குரலைவிடக் குழந்தைகள், பெண்கள் குரல் அவருக்குக் கடினமாகும். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கடத்துவதாலும், உதட்டைக் காண வழியில்லாததாலும், தொலைபேசி அழைப்பைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவார். தொலைக்காட்சியின் ஒலி அடுத்த வீட்டுக்கும் கேட்கும். காதுக்குள் வண்டின் ரீங்காரம் போன்ற ஓசை இடையறாது கேட்பதாகச் சிலர் சொல்வர். காதிரைச்சல் எனப்படும் அது பெரும்பாலும் செவித்திறன் இழப்பின் உடன்பிறப்பு.

வண்டியூரார் நன்கறிந்த தலபுராணச் செய்தி ஒன்று இங்கே பொருந்துகிறது. சித்திரைத் திருவிழாவில் வைகையில் எழுந்தருளும் கள்ளழகர், வண்டியூர் வீரராகவப் பெருமாள் கோயிலில் தங்கியபின் தேனூர் மண்டபத்தில் கருட வாகனத்தில் அமர்ந்து மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தருகிறார். நீரில் தவமிருந்த சுதபஸ் முனிவர் துர்வாசரின் வருகையைக் கவனியாதிருந்தார் என்பதும், கவனியாமையை அவமதிப்பாகக் கொண்ட துர்வாசர் அவரைத் தவளையாகுமாறு சபித்தார் என்பதும் கதை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாதவரை அகந்தையுடையவர் என்றும், மறதிக்காரர் என்றும், வேண்டுமென்றே செய்கிறவர் என்றும் வீட்டார் ஏசுவது அதே வகைச் சாபம். பள்ளியில் கடைசி வரிசையில் அமர்ந்து சொன்னதைச் செய்யாத மாணவனுக்கு 'மந்தம்' என்ற பட்டம் கிடைப்பதும் அவ்வாறே. சினம் கொள்ளுமுன் செவியைச் சோதிப்பது எத்தனையோ பேரை இச்சாபத்திலிருந்து விடுவிக்கும்.

கேட்பதை நிறுத்தியவருக்கு நேர்வது தனிமை மட்டும் அன்று. மருத்துவ இதழான லான்செட் அமைத்த ஆணையம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, மூளைத்தேய்வு நோய்க்குக் காரணமானவற்றுள் தடுக்கத்தக்கவை எவை என்று ஆராய்ந்து, நடுவயதில் தொடங்கும் செவித்திறன் இழப்பை அவற்றுள் முதன்மையானவற்றில் ஒன்றாக வைத்தது. செவிக்கருவி அணிந்தால் அந்நோய் வாராது என்று இதற்குப் பொருளில்லை. 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அனைவரையும் சேர்த்து நோக்கியபோது கருவி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் இடையே வேறுபாடு புலப்படவில்லை, நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்திருந்த பிரிவினரில் மட்டும் அறிவாற்றல் குறையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகத் தணிந்தது. விற்பனையாளர் சிலர் இவ்வாய்வைக் காட்டி அச்சமூட்டுவதால் அதன் எல்லையைச் சொல்லிவைப்பது கடமையாகிறது.

குழந்தைகளிடத்தில் காலம் இன்னும் கடுமையாக நடந்துகொள்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தையின் மூளை மொழியைக் கற்கும் பருவத்தில் ஒலியின்றிக் கிடந்தால், பின்னர் எத்தனை உயரிய கருவி பொருத்தினாலும் பேச்சு முழுமையாக மலர்வது அரிது. பிறந்த ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் நோயறிதல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கால அளவு. தூங்கும் குழந்தையின் காதில் சிறு முனையை வைத்து, உட்செவி தானே எழுப்பும் எதிரொலியைப் பதிவுசெய்யும் சோதனை சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாவட்ட இடையீட்டு மையங்களில் இதனைச் செய்கின்றனர். கைதட்டினால் குழந்தை திரும்புகிறது என்று தாய் நம்பியிருப்பது போதாது, தட்டும் கையின் நிழலுக்கும் காற்றுக்கும்கூடக் குழந்தை திரும்பும். "அவங்க தாத்தாவும் லேட்டாத்தான் பேசினார்" என்னும் ஆறுதல் மொழி இதுவரை எத்தனை குழந்தைகளின் ஓராண்டை விழுங்கியிருக்கும் என்று எண்ணவே நெஞ்சு பதைக்கிறது.

காரணங்களுள் இரண்டை இவ்வட்டாரத்திற்கென அழுத்திச் சொல்ல வேண்டும். ஒன்று ருபெல்லா. கருவுற்ற தொடக்க மாதங்களில் தாயைத் தாக்கும் இக்கிருமி தாய்க்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும், குழந்தைக்கோ கண்புரையும் இதயக்கோளாறும் கேளாமையும் தரும். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941இல் இத்தொடர்பை முதலில் உணர்ந்தார். மதுரையிலும் பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளை ஆராய்ந்தபோதே இந்நோயின் கை எவ்வளவு நீளமானது என்று தெரியவந்தது. தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில பகுதிகளில்தான் முதலில் தொடங்கியது. வதந்திக்கு அஞ்சி அன்று பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் தவிர்த்த பெற்றோர், தம் மகளுக்கு அவள் தாய்மையடையுமுன் அதைப் போடச் செய்யலாம். கருவுற்றபின் போடக் கூடாது. மற்றொன்று தாய்மாமன், அத்தை மகன் என நெருங்கிய உறவுக்குள் நடக்கும் திருமணம். கேளாமைக்குரிய மரபணுக் குறை பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்து பிள்ளையிடம் வெளிப்படும் வாய்ப்பை அது கூட்டுகிறது. ஒரு குடும்பத்தில் முதற்குழந்தை கேளாததாக இருந்தால் அடுத்த குழந்தையைப் பிறந்த வாரத்திலேயே சோதிப்பது நலம்.

சாதாரணக் கருவியால் பயன் பெறாத அளவுக்குக் கேளாமை மிகுந்த குழந்தைக்கு, மயிர்ச்செல்லைக் கடந்து நரம்பை நேரடியாகத் தூண்டும் காக்ளியர் பதிப்பு உண்டு. பல லட்சம் ரூபாய் செலவாகும் இவ்வறுவையை ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. ஆனால் பதிப்பு காதைத் திறக்கும், மொழியைத் தராது. ஓராண்டுக்கு மேல் நீளும் பேச்சுப் பயிற்சியில் தாயோ தந்தையோ நாள்தோறும் உடனிருக்க வேண்டும். 1969இல் சென்னையில் தொடங்கிய பால வித்யாலயா பள்ளி, கேளாத மழலைகளோடு பெற்றோரையும் வகுப்பில் அமர்த்திப் பயிற்றுவதை முறையாகவே கொண்டது. சைகைமொழியைத் தேர்ந்துகொள்ளும் குடும்பங்களும் உள. அதுவும் முழுமையான மொழியே. 1890களில் பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் தொடங்கிய பள்ளியின் காலமுதல், கேளாதார் தம் மொழியால் கல்வி பெற்று வாழ்ந்து காட்டியுள்ளனர். மொழி ஏதுமின்றிக் குழந்தையை விட்டுவிடுவதே பெருந்தவறு.

மருந்தால் தீரும் குறைகளைச் சுருக்கமாகக் கூறலாம். குறும்பி அழுக்கு அன்று, செவிக்குழாயின் காவற்பொருள். அது தானாக வெளியேறும் இயல்புடையது. பஞ்சுக்குச்சி, ஊக்கு, தீக்குச்சி, இறகு எல்லாம் அதை உள்ளே தள்ளி இறுக்குகின்றன, சிலவேளை செவிப்பறையைக் கிழிக்கின்றன. காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் பச்சிலைச் சாறு பிழிவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. காதில் சீழ் வடிவதைச் 'சின்ன வயசுல எல்லாருக்கும் வர்றதுதான்' என்று விட்டுவிடுவதால், ஓட்டை விழுந்த செவிப்பறையோடு கண்மாயிலும் கிணற்றிலும் நீந்தி நோயை முற்றவிட்டவர் பலர். அரிதாகச் சீழ் எலும்பை அரித்து மூளையையும் எட்டும். எல்லாவற்றிலும் அவசரமானது திடீர்க் கேளாமை: நேற்று வரை நன்றாயிருந்த ஒரு காது மூன்று நாளுக்குள் அடைத்துப்போனால், சளி என்று எண்ணி ஆவிபிடித்துக்கொண்டிராமல் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண வேண்டும், ஸ்டீராய்டு மருந்து முதல் இரு வாரங்களுக்குள் கொடுத்தால்தான் மிகுந்த பயன் தரும்.

இனிச் செவிக்கருவி. மக்கள் வழக்கில் 'காது மிஷின்' எனப்படும் இதனை வாங்குமுன் நடக்க வேண்டியவை இரண்டு: காதை மருத்துவர் பார்ப்பது, பிறகு ஒலிபுகா அறையில் கேட்பியல் வல்லுநர் கேட்பளவைச் சோதிப்பது. அச்சோதனையின் வரைபடம் ஆடியோகிராம் எனப்படும். இடமிருந்து வலமாக அதிர்வெண்ணும், மேலிருந்து கீழாக ஒலியளவும் அதில் குறிக்கப்பெறும். ஒலியளவின் அலகாகிய டெசிபல் சாதாரண எண்ணிக்கை போலக் கூடுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகிறது. கிசுகிசுப்பு ஏறத்தாழ 30 டெசிபல், ஒரு மீட்டர் தொலைவிலான இயல்பான பேச்சு 60 டெசிபல். உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நன்றாகக் கேட்கும் காதில் 20 டெசிபலுக்குக் குறைந்த ஒலியும் கேட்க வேண்டும். 35 டெசிபல் முதல் நடுத்தர இழப்பு தொடங்குகிறது. உலகில் 43 கோடிப் பேருக்கு மறுவாழ்வு உதவி தேவைப்படும் அளவு இழப்பு இருப்பதாக அவ்வறிக்கை மதிப்பிட்டது.

இந்தியச் சட்டம் இதனை வேறு அளவுகோலால் அளக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழந்தவரைக் கேட்டல் குறைந்தவர் என்றும், 70 டெசிபல் இழந்தவரைக் கேளாதவர் என்றும் வரையறுக்கிறது. ஆகவே 50 டெசிபல் இழந்த ஒரு நெசவாளி, தன்னோடு பேசும் எவருடைய வல்லினத்தையும் கேட்க முடியாத நிலையிலும், அடையாள அட்டைக்கும் அதன்வழி வரும் இலவசக் கருவிக்கும் உரியவராவதில்லை. கருவியால் மிகுந்த பயன் அடையக்கூடியவர் இந்த இடைநிலையினரே. முற்றிய பிறகு கொடுக்கப்படும் கருவி, கேட்டலை மறந்துபோன மூளையோடு போராட வேண்டியிருக்கிறது. சட்டத்தின் வரம்பு உரிமைகளுக்காக வகுக்கப்பட்டது என்பது உண்மையே; கருவி வழங்குவதற்கும் அதே வரம்பைப் பின்பற்றுவது பொருந்தாது. 60 டெசிபலுக்கு மேற்பட்டோர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகிக் காதுக்குப் பின்னால் அணியும் கருவியைப் பெறலாம்.

சொந்தப் பணத்தில் வாங்குவோர் முன் விலைப்பட்டியல் சில ஆயிரத்தில் தொடங்கிச் சில லட்சத்தில் முடிகிறது. விலை கூடுவதற்குக் காரணமாகச் சொல்லப்படும் 'சேனல்' எண்ணிக்கை, அதாவது ஒலியைத் தனித்தனிப் பட்டைகளாகப் பிரித்துத் திருத்தும் திறன், ஓர் அளவுக்கு மேல் கேட்பவருக்குப் பெரிய வேறுபாட்டைத் தருவதில்லை. எந்நேரமும் வீட்டிலிருந்து இருவரோடு பேசும் மூதாட்டிக்கும், மாட்டுத்தாவணியில் கடை நடத்துபவருக்கும் தேவை வேறு. அதனைக் கேட்டறியாமல் கருவியைப் பரிந்துரைப்பவரிடம் வாங்காதிருப்பதே மேல். சட்டைப் பையில் வைத்துக் கம்பியால் இணைக்கும் பழைய வகையில் துணி உரசும் ஓசையும் சேர்ந்து பெருகும், எனினும் விரல் நடுங்கும் முதியோருக்கு அதன் பெரிய திருகு எளிது. காதுக்குப் பின்னால் அமரும் வகை பெரும்பாலோருக்கு ஏற்றது. குழாய்க்குள் மறைந்துவிடும் சிறுவகையைப் பலர் வெட்கத்தால் நாடுகின்றனர். மின்கலமும் ஆற்றலும் அதில் குறைவு, சீழ் வடியும் காதுக்கு அது ஆகாது. இரு காதும் குறைந்திருந்தால் இரண்டு கருவி வேண்டும், ஏனெனில் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதையும் இரைச்சலுக்கிடையே பேச்சையும் மூளை பிரித்தறிவது இரு காதின் ஒப்பீட்டால்தான்.

கருவியைவிடப் பொருத்துதலே பெரிது. ஆடியோகிராமைப் பார்த்து ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் எவ்வளவு பெருக்க வேண்டும் என்று கணினியில் அமைத்து, இயன்றால் செவிக்குழாய்க்குள் மெல்லிய நுண்குழல் விட்டு உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்து, காதின் அச்செடுத்து அதற்கென வார்த்த அடைப்பானைச் செருகி, இரு வாரம் கழித்து மறுபடி திருத்தித் தரும் வல்லுநரிடம் வாங்கிய நடுத்தர விலைக் கருவி, அவ்வாறு திருத்தப்பெறாத விலையுயர்ந்த கருவியைவிட நன்றாக உழைக்கும். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஒலிபெருக்கிகள் எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்குவதால், எஞ்சியிருக்கும் செவித்திறனையும் கெடுக்க வல்லவை. கருவி 'கூ' என்று ஊளையிட்டால் அது பழுதென்று எண்ணுகின்றனர். பெரும்பாலும் அடைப்பான் தளர்ந்து ஒலி வெளியே கசிவதே காரணம்.

அணியத் தொடங்கிய முதல் நாட்களில் மின்விசிறி இரைவதும் பாத்திரம் மோதுவதும் இடியெனக் கேட்கும். பல ஆண்டு கேளாதிருந்த ஒலியை இது வேண்டும், இது வேண்டாம் என்று பிரிக்க மூளைக்குச் சில வாரங்கள் பிடிக்கும். முதலில் அமைதியான அறையில் ஒரு மணிநேரம், பிறகு வீட்டாரோடு, அதன்பின் தெருவுக்கு என்று நாள்தோறும் நேரத்தைக் கூட்டிச் செல்ல வேண்டும். இதனைச் சொல்லித்தராததால்தான் எத்தனையோ கருவிகள் பீரோவுக்குள் கிடக்கின்றன. துத்தநாகக்–காற்று மின்கலத்தின் மேலுள்ள ஒட்டுத்தாளை உரித்தபின் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுச் செருகுவதும், மதுரை வெயிலில் வியர்வை புகாதபடி இரவில் ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட டப்பாவில் வைப்பதும், அடைப்பானின் துளையில் குறும்பி சேராமல் துடைப்பதும் பேரப்பிள்ளைகளே கற்றுக்கொள்ளத்தக்க சிறு வேலைகள். உறவு என்று பொருள்படும் 'கேள்' இங்கேதான் கைகொடுக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது தனிமனிதர்க்கு அறிவுரை கூறி முடித்துவிடுவது நேர்மையாகாது. காதில் செருகும் ஒலிப்பானில் உரத்த ஒலியை வாரம் முழுதும் கேட்டுச் செவி கெடுவது உண்மை. 80 டெசிபலில் வாரத்திற்கு 40 மணிநேரம் என்னும் வரம்பை இளைஞர் மதிக்க வேண்டும். ஆனால் செல்லூர்த் தறிக்கூடத்திலும் எவர்சில்வர்ப் பட்டறையிலும் வயிற்றுப்பிழைப்புக்காகச் செவியை இழப்பவர் ஒலியைத் தாமே கூட்டிக்கொண்டவர் அல்லர். இத்தாலிய மருத்துவர் ராமசினி 1700இல் வெளியிட்ட தொழில்நோய் நூலில் வெனிஸ் நகரச் செம்புக்கன்னாரின் கேளாமையைப் பதிவுசெய்தார்; ஸ்காட்லாந்தின் டண்டீ நகரச் சணல் நெசவுப் பெண்களின் செவியிழப்பை 1965இல் ஆய்வாளர் அளந்து காட்டினர். தறியின் நாடா மோதும் ஓசையை மருத்துவ உலகம் அறியாமல் இல்லை. ஒலி 3 டெசிபல் கூடும்போது ஆற்றல் இரட்டிப்பதால், பாதுகாப்பான நேரம் பாதியாக வேண்டும் என்பது இன்றைய அறிவியல்: 85 டெசிபலுக்கு 8 மணிநேரம் என்றால் 100 டெசிபலுக்குக் கால் மணிநேரமே. தொழிற்சாலைகள் சட்டத்தின்கீழ் இந்நாட்டில் வகுக்கப்பெற்ற மாதிரி விதிகளோ 90 டெசிபலுக்கு 8 மணிநேரமும், 100 டெசிபலுக்கு 2 மணிநேரமும் இசைவளித்தன. அதிலும் மின்விசையோடு பத்துப் பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் கூடங்கள் அச்சட்டத்தின் வரம்பிலேயே வராமல் இருந்தன. வீட்டோடு சேர்ந்த நான்கு தறிக் கூடத்தை எந்த ஆய்வாளரும் எட்டிப்பார்த்ததில்லை. பஞ்சு உருண்டையைக் காதில் செருகிக்கொள்வது பயனற்றது. விரலால் உருட்டிச் செருகும் நுரைக் காதடைப்பான் சில ரூபாய்தான், ஆனால் அதைச் சரியாகச் செருகக் கற்றுத்தர ஒருவர் வேண்டும்.

விழாக்காலத்தைப் பற்றியும் தயக்கமின்றிப் பேச வேண்டும். ஒலிமாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபலையே அனுமதிக்கின்றன. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பட்டாசு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் அளந்தால் உச்ச அளவில் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பதும் சட்டம். திரி கொளுத்துபவரும், அவர் அருகே வேடிக்கை பார்க்கும் சிறுவரும் நான்கு மீட்டர் தொலைவில் நிற்பதில்லை. அதிர்வேட்டு ஒன்றே மயிர்ச்செல்களை ஒரு நொடியில் அறுத்துவிடக்கூடும். திருவிழாவை விட்டுவிடச் சொல்லும் பேச்சன்று இது. கூம்பு ஒலிபெருக்கியை இறக்கிவிட்டுப் பல சிறு பெட்டிகளைத் தாழ்வாக வைத்தால் அறிவிப்பு இன்னும் தெளிவாகவே கேட்கும், ஏனெனில் கூம்பு தருவது இரைச்சலை, வல்லினத்தை அல்ல. ஆண்டில் பாதி நாள் தவிலுக்கும் ஒலிபெட்டிக்கும் அருகில் நின்று பிழைக்கும் கலைஞரும் சவுண்டு செட் தொழிலாளரும் ஆண்டுக்கொருமுறை சோதனைக்கு வர வேண்டும்.

மருந்துகளும் செவியைக் கெடுக்கும். காசநோய்க்கு நெடுங்காலம் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும், அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளும், புற்றுநோய்க்குரிய சிஸ்பிளாட்டினும் உயிர்காப்பவை, மயிர்ச்செல்லைக் கொல்பவையும்கூட. இவற்றைத் தொடங்குமுன்னும் இடையிலும் கேட்பளவைச் சோதிக்குமாறு நோயாளி கேட்கலாம். காதிரைச்சல் தொடங்கினால் அன்றே சொல்ல வேண்டும். தாய்வழியில் ஒருவருக்கு இவ்வூசியால் காது போயிருந்தால் அச்செய்தி மருத்துவருக்கு மிக முக்கியமானது, ஏனெனில் அவ்வகை மரபணுக் குறை தாய்வழியே இறங்குவது. சர்க்கரை நோயும் உட்செவியின் நுண்குருதிக் குழாய்களைப் பாதிக்கிறது.

கண்ணுக்கு மதுரை செய்ததைக் காதுக்குச் செய்ய மருத்துவமனை கட்டும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்க வீடு வீடாக வருகின்றனர். அப்பணியோடு இரண்டு நிமிடம் சேர்த்தால் போதும். முதியவரை அமரச் செய்து, அவருக்குப் பின்னால் ஒரு கை நீளத்தில் நின்று, சோதிக்காத காதின் முகப்பை விரலால் மூடி மெல்லத் தேய்த்துக்கொண்டு, மூச்சை முழுதும் விட்டபின் கிசுகிசுப்பாக மூன்று எண்ணோ எழுத்தோ சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல இயலாவிட்டால் வேறு மூன்றைச் சொல்ல வேண்டும். ஆறில் மூன்றுக்குக் குறைவாகச் சொன்னவரைக் கேட்பளவுச் சோதனைக்கு அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்பலாம். பின்னால் நிற்பது உதட்டை மறைப்பதற்காக, மூச்சை விடுவது குரல் உயராமல் இருப்பதற்காக. தமிழில் இதைச் செய்வோர் எண்களுக்கிடையே கத்தி, கட்டி, பத்து, பட்டு போன்ற சொற்களைக் கலந்து சொல்வது நல்லது. முதலில் வலக்காது, பிறகு இடக்காது.